ரூய்ஸ்புரூக் அடிகள் கூறும் இறைக்கலப்பு

இரண்டறக் கலத்தல் என்னும் சொற்றொடர் எளிது. அதன் பொருள் அரிது. ஆன்மா இறைவனைக் கூடும் நிலையில் தன்னை இழந்து ஒழிகின்றதோ, அன்றித் தானும் உளதாய் நின்று அவனை நுகர்கின்றதோ என்னும் வினாவை, இறைவனோடு கூடுதலே வீடு என்று கொள்ளும் எச்சமயமும் ஒருநாள் எதிர்ப்பட்டே தீரும். சைவ சித்தாந்த ஆசிரியர் இவ்வினாவை ஏகான்மவாதியரோடும் பேதவாதியரோடும் வாதிட்டுத் தெளிந்து, தம் முடிபினைச் சூத்திரமாகவும் உரையாகவும் நிலைபெறச் செய்தனர். மேற்றிசைக் கிறித்துவ அருளாளரும் இதனையே எதிர்ப்பட்டனர். ஆயின் ஆண்டு அது வாதமேடையோடு நின்றுவிடவில்லை, வழக்குமன்றத்திற்கும் சென்றது, ஒருகால் எரிதழலுக்கும் சென்றது.

அவ்வருளாளர் நூல்களைப் பயில்வோர் பெரும்பாலும் இருதிறப்படுவர். ஒருசாரார், அவரெல்லாரும் ஆன்மாவும் பிரமமும் ஒரே பொருள் என்று கண்டவரே என்றும், திருச்சபைக்கு அஞ்சி அதனை மறைத்துக் கூறினர் என்றும் துணிவர். மற்றொருசாரார், அவர் கூற்றெல்லாம் பத்திமேலீட்டால் எழுந்த மிகையுரையே என்றும், அவற்றில் தத்துவம் தேடுதல் வீண் என்றும் ஒதுக்குவர். இவ்விரு துணிபும் பிழை. இவற்றின் பிழையைக் காட்டுதற்குப் பதினான்காம் நூற்றாண்டில் பிரசல்ஸ் நகரை அடுத்து வாழ்ந்த ஜான் ரூய்ஸ்புரூக் அடிகளின் நூல்களே சாலும். அவை அக்காலத்திலேயே குற்றஞ்சாட்டப்பட்டவை. அதற்கு முன்னரே ஆசிரியராலேயே விளக்கப்பட்டவை. குற்றச்சாட்டையும் விளக்கத்தையும் அருகருகே வைத்து ஆராய்வார்க்கு உண்மை புலனாகும்.

முதற்கண் அவர்க்கு முற்பட்ட நிலையை அறிதல் வேண்டும். கிளேர்வோ மடத்தின் தலைவராகிய பெர்னார்டு (1090-1153), கடவுளை நேசித்தல் பற்றி எழுதிய நூலில் அன்பின் நான்கு படிகளை வகுத்தார். தன்னைத் தன்பொருட்டே நேசித்தல் முதற்படி. கடவுளைத் தன்பொருட்டு நேசித்தல் இரண்டாவது. கடவுளைக் கடவுள்பொருட்டே நேசித்தல் மூன்றாவது. தன்னையும் கடவுள்பொருட்டே நேசித்தல் நான்காவது. இந்நான்காம் படியை விளக்க அவர் மூன்று உவமைகளை ஆண்டார். மிகுந்த மதுவிற் கலந்த நீர்த்துளி, தீயிற் பழுத்த இரும்பு, ஞாயிற்றொளி நிரம்பிய காற்று என்பன அவை. உவமைகளைக் கூறியவர் அவ்வளவில் நில்லாது, ஆன்மாவின் பொருட்டன்மை அழியாது நிற்கும் என்றும், அதன் வடிவும் விளக்கமும் ஆற்றலுமே வேறாகும் என்றும் வரையறை செய்தார். உன்னதப்பாட்டுக்கு எழுதிய பேருரைகளிலும், பிதாவும் குமாரனும் ஒன்றாதல் பொருளால் ஆகும் ஒருமை என்றும், ஆன்மா கடவுளோடு ஒன்றாதல் விருப்பத்தால் ஆகும் ஒருமை என்றும் பிரித்துரைத்தார். எனவே ஒருமை என்னும் சொல் ஒன்றாயினும் பொருள் இரண்டு என்பது பன்னிரண்டாம் நூற்றாண்டிலேயே உணரப்பட்டிருந்தது.

பின்னர் வந்தோர் இவ்வரையறையை ஒரே அளவிற் பேணினர் அல்லர். பிரெஞ்சு மொழியில் ‘எளிய ஆன்மாக்களின் கண்ணாடி’ என்னும் நூலை எழுதிய மார்கரீத்து பொரேத்து என்னும் அம்மையார், அன்பினால் தன்னை முற்றும் ஒழித்த ஆன்மாவைப் பற்றிப் பேசினார். அந்நூல் அவர் கண்முன்னரே வாலன்சியேன் நகரில் எரிக்கப்பட்டது. அவர் அதனைக் கைவிட்டிலர். பாரிசில் விசாரணையின்போது வாய்திறந்து விடைகூறவும் இசைந்திலர். 1310-ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள் உயிரோடு எரிக்கப்பட்டார். எனினும் நூல் அழியவில்லை. ஆசிரியர் பெயரின்றி மடங்கள்தோறும் பயிலப்பட்டு, 1927-இல் பெயரறியா ஒருவர் நூலாகவே ஆங்கிலத்தில் அச்சாயிற்று. அது எரியுண்ட அம்மையாரின் நூலே என்பதை ரொமானா குவார்னியேரி என்னும் ஆராய்ச்சியாளர் 1946-இல் வெளிப்படுத்தினார். எழுதியவரை எரித்த சமயத்தாரே, எழுதியவர் இன்னார் என்று அறியாத நிலையில் அதனை ஞானநூலாகக் கொண்டு ஓதினர் என்பது சிந்தித்தற்குரியது.

தோமினிக்கர் சபையைச் சார்ந்த பேராசிரியர் எக்கார்ட்டு மீதும் 1326-இல் கொலோன் நகரில் விசாரணை எழுந்தது. அவர் இறந்தபின், 1329-ஆம் ஆண்டு மார்ச்சு 27-ஆம் நாள், இருபத்திரண்டாம் யோவான் என்னும் போப்பாண்டவர் அவர் கூற்றுக்களில் 28-ஐ எடுத்து, 17 பொய்ந்நெறி என்றும் 11 ஐயத்துக்குரியன என்றும் தீர்ப்பளித்தார். அவற்றுள் ஒன்று ஆன்மா கடவுளாக மாறுதலைப் பற்றியது. நற்கருணையில் அப்பம் கிறிஸ்துவின் உடலாக மாறுமாறுபோல ஆன்மாவும் மாறும் என்றும், ஆண்டு வேற்றுமை சிறிதும் இல்லை என்றும் அது கூறிற்று. திருச்சபையின் கொள்கைப்படி அப்பத்தின் பொருள் அங்கு எஞ்சுவதில்லை, தோற்றமே எஞ்சும். ஆகவே அவ்வுவமையை உள்ளவாறே கொண்டால் ஆன்மா எஞ்சாது. உவமையின் தேர்வு எத்துணைப் பெரிய பொறுப்பு என்பதற்கு இதுவே சான்றாம்.

இத்தகைய காலத்தில் எழுதியவர் ரூய்ஸ்புரூக் அடிகள். அவர் 1293-இல் பிரசல்ஸை அடுத்த ரூய்ஸ்புரூக் என்னும் ஊரிற் பிறந்து, 1317-இல் குருப்பட்டம் பெற்று, அந்நகரத்துத் தூய குதுலா கோயிலில் நெடுங்காலம் பணிபுரிந்தார். 1343-இல் தோழர் இருவரோடு சோனியக் காட்டிலுள்ள குரூனன்தால் என்னும் இடத்திற்கு ஒதுங்கினார். 1350-இல் அக்குழுவினர் அகுஸ்தீனார் ஒழுங்கினை மேற்கொண்டபோது அதன் தலைவர்களுள் ஒருவரானார். 1381-ஆம் ஆண்டு டிசம்பர் 2-ஆம் நாள் தம் 88-ஆம் வயதில் உலகு நீத்தார். கற்றோர் இலத்தீனில் எழுதிய அந்நாளில் தம் நாட்டு மக்கள் பேசிய தச்சு மொழியிலேயே எழுதினார். அவர் நூல்களுள் தலைசிறந்தது ‘ஆன்மிகத் திருமணம்’ என்பது.

அந்நூல் மணமகன் வருகின்றான், அவனை எதிர்கொள்ளப் புறப்படுக என்னும் கருத்துடைய விவிலிய வாக்கியம் ஒன்றனையே விரித்துரைக்கின்றது. காண்க என்றல், மணமகன் வருகை, புறப்படுதல், எதிர்ப்படுதல் என அதனை நான்காகப் பகுத்து, அந்நான்கினையும் செயல்வாழ்வு, அகவாழ்வு, கடவுட்காட்சி வாழ்வு என்னும் மூன்று நிலைகளிலும் மும்முறை பொருத்திக் காட்டுகின்றது. முதற்பகுதியில் தாழ்மையும் ஈகையும் முதலாய நற்பண்புகள் கூறப்படும். இரண்டாம் பகுதியில் உள்ளத்தில் எழும் வேட்கையும், அருள் ஆன்மாவின் ஆற்றல்களிற் பாய்தலும் கூறப்படும். மூன்றாம் பகுதி மிகச் சிறிது. கருத்தால் மிக உயர்ந்தது. அதில் ஆன்மா கடவுளைக் கடவுளின் ஒளியாலேயே காணும் என்றும், காணுங்கால் தான் எவ்வொளியால் காண்கின்றதோ அவ்வொளியோடு ஒன்றாகித் தன்னை அவ்வொளியாகவே உணரும் என்றும் கூறப்படுகின்றது.

இம்மூன்றாம் பகுதியே குற்றச்சாட்டுக்கு இலக்காயிற்று. பாரிசுப் பல்கலைக்கழகத்தின் வேந்தராகிய ஜெர்சோன் (1363-1429), அடிகள் மறைந்தபின் அந்நூலின் இலத்தீன் மொழிபெயர்ப்பைப் படித்து, ஹெர்னே ஊரின் கார்த்தூசியத் துறவி ஒருவர்க்குக் கடிதம் விடுத்தார். முதலிரு பகுதிகளை ஏற்ற அவர், மூன்றாம் பகுதி ஆன்மா தன் பொருட்டன்மையை இழந்து கடவுட்பொருளாகவே மாறும் என்று கூறுகின்றது, ஆதலின் அது விலக்கத்தக்கது என்றார். குரூனன்தால் மடத்தவராகிய ஜான் ஸ்கோன்ஹோவன் 1406-ஆம் ஆண்டை ஒட்டி மறுப்புரை எழுதினார். ஜெர்சோன் 1408-இல் மீண்டும் எழுதினார். தம் கருத்தைக் கைவிட்டிலர். ஜெர்சோன் பத்தியில்லா வெறுந்தருக்கவாதியும் அல்லர்; இறையனுபவ நெறிபற்றித் தாமே நூல் எழுதியவர்; மதுவிற் கலந்த நீர்த்துளி என்னும் பழைய உவமையில் துளியின் தன்மை கெடுதலைக் கண்டு அதனை ஏலாதென்று விலக்கியவர். ஆகலின் அவர் தடையைப் புறக்கணித்தல் முறையன்று. எடுத்து ஆராய்தலே முறை.

இனி, இத்தடைக்கு விடை தடை எழுமுன்னரே எழுதப்பட்டிருந்தது என்பது வியப்பு. அடிகள் இளமையில் எழுதிய ‘அன்பர்தம் அரசு’ என்னும் நூல் அவர் அறியாமலே படியெடுக்கப்பட்டு, மேற்கூறிய ஹெர்னே மடத்துத் துறவியர் கைக்கு எட்டியது. அதில் வேற்றுமையில்லாத ஒருமை என்று வந்த தொடர் அவர் உள்ளத்தை வருத்திற்று. அவர் அழைப்பை ஏற்று, முதுமையிலும் கால்நடையாகவே ஆண்டுச் சென்ற அடிகள், மூன்று நாள் தங்கி ஐயம் தீர்த்தார். பின்னர் 1362-ஆம் ஆண்டை ஒட்டி அதனைச் சிறுநூலாகவும் எழுதினார். ‘விளக்கச் சிறுநூல்’ என்று சுட்டத்தகும் அதுவும், ‘ஆன்மிகத் திருமணம்’, ‘ஒளிவிடும் கல்’ என்பனவும் 1916-இல் ஈவ்லின் அண்டர்ஹில் அம்மையாரைப் பதிப்பாசிரியராகக் கொண்டு ஒருங்கே ஆங்கிலத்தில் வெளிவந்தன.

அச்சிறுநூலில் அடிகள் ஒருமையை மூன்றாக வகுக்கின்றார். அருள், சடங்கு, நற்பண்பு ஆகியவற்றின் வாயிலாக உண்டாவது இடையீடுள்ள ஒருமை. அன்பு முதிர்ந்து கடவுள் ஆன்மாவை முழுதும் ஊடுருவ, இடையில் ஒன்றும் நில்லாது உண்டாவது இடையீடற்ற ஒருமை. அறிவின் எல்லை கடந்து, பேரின்பத்தில் தன்னைப் பிரித்தறியும் முனைப்பு அடங்க உண்டாவது வேற்றுமையற்ற ஒருமை. இரண்டாவதனை விளக்குங்கால் தீயிற் பழுத்த இரும்பையும் ஒளிநிறைந்த காற்றையும் உவமை காட்டி, இரும்பு தீயின் தொழிலைச் செய்யினும் தீ இரும்பாவதில்லை, இரும்பு தீயாவதில்லை என்று தெளிவுறுத்துகின்றார். எத்துணைத் தூய்மை எய்திய ஆன்மாவும் கடவுளாக மாறாது என்றும், கிறிஸ்துவின் மானுட ஆன்மாவும் அவ்வாறு மாறவில்லை என்றும் வெளிப்படையாகவே கூறுகின்றார். மது நீர்த்துளியை அவர் இங்கு நாடாமல் இரும்பையும் தீயையும் நாடியது கருதற்பாலது.

அற்றேல், பொருள் வேறாகவே நிற்க, ஒருமையை வேற்றுமையற்றது என்றல் எங்ஙனம் பொருந்தும் எனின், இவ்விடத்தே சித்தாந்த நூல்கள் உதவுகின்றன. உமாபதி சிவாசாரியர் சிவப்பிரகாசத்தில், இறைக்கும் உயிர்க்கும் உள்ள தொடர்பு பொன்னும் அணியும்போல அபேதமும் அன்று, இருளும் ஒளியும்போலப் பேதமும் அன்று, சொல்லும் பொருளும்போலப் பேதாபேதமும் அன்று என விலக்கி, உடலும் உயிரும், கண்ணும் ஞாயிறும், அறிவும் கண்ணொளியும் என்னும் உவமைகளால் அத்துவிதத்தை நிறுவினார். திருவருட்பயனில் அவர் ஆண்ட தாடலை என்னும் சொல்லுவமை இன்னும் நுட்பமானது. தாள், தலை என்னும் இரு சொற்கள் புணரத் தாடலை என ஒரு சொல்லாகின்றது. புணர்ச்சியில் எழுத்துத் திரிந்தது, ஓசை ஒன்றாயிற்று, ஆயினும் தாளும் கெடவில்லை, தலையும் கெடவில்லை. இரண்டென்று பிரித்துக் காணவும் இடமில்லை. ஒன்றே பொருள் என்று கொள்ளவும் இடமில்லை. இறைவன் தாளிற் பொருந்திய ஆன்மாவின் தலைக்கு இலக்கணமே உவமையாயிற்று.

இவ்வுவமையைக் கொண்டு நோக்கின், ரூய்ஸ்புரூக் அடிகள் வேற்றுமை இல்லை என்றது பொருளின்கண் அன்று, நுகர்ச்சியின்கண் என்பது விளங்கும். நுகர்ச்சியில் நான் நுகர்கின்றேன் என்னும் முனைப்பு எழுமாயின் நுகர்ச்சி குறையும். நுகர்வோன் இலனாயின் நுகர்ச்சியே இல்லையாம். மூன்றாம் பகுதியில் ஆன்மா தன்னை ஒளியாகவே உணரும் என்றதும் இம்முறையிற் கொள்ளற்பாலது. கண் ஞாயிற்றொளியிற் கலந்து காணுங்கால் தன்னொளியை வேறு பிரித்துக் காண்பதில்லை. அதுபற்றிக் கண் ஞாயிறாயிற்று என்பார் இலர். கண்ணைக் காணச்செய்து தானும் உடன் காணும் ஆன்மாவைப்போல, இறைவனும் ஆன்மாவை அறியச்செய்து உடனறிகின்றான் என்னும் சிவஞானபோதப் பதினோராம் சூத்திரக் கருத்தை அறிந்தார்க்கு, கடவுளைக் கடவுளின் ஒளியாலேயே காணல் என்பது மருட்சி தாராது. ஜெர்சோன் அனுபவவுரையைப் பொருளுரையாகக் கொண்டார். அதுவே அவர் தடையின் வேர்.

ஆயினும் தடை முற்றும் காரணமின்றி எழுந்ததன்று. அதற்கு இடந்தந்த குறை அடிகள் நூலிலும் உண்டு. இரும்பு தீயின் தன்மையைப் பெற்றும் இரும்பாகவே நிற்றற்கு ஆன்மாவின் இயல்பில் காரணம் யாது என்பதை அவர் போதிய அளவு நிறுவவில்லை. கிறித்துவக் கொள்கையில் ஆன்மா இன்மையினின்று படைக்கப்பட்டது. அது தன்னளவில் ஒன்றுமில்லாதது. இருத்தல் முழுவதும் கடவுளின் கொடை. அங்ஙனமாயின், கொடுத்தவனிடத்தே முழுதும் ஒடுங்கிய பின் எஞ்சுவது எது என்னும் அச்சம் இயல்பாகவே எழும். இதனை நீக்க அடிகள், படைக்கப்படுமுன்னரே ஆன்மா இறைவனுடைய வார்த்தையாகிய குமாரனிடத்து என்றுமுள்ள கருத்துவடிவாய் இருந்தது என்றும், காட்சியில் அது தன் நித்திய மூலத்திற்குத் திரும்புகின்றது என்றும் கூறுகின்றார். ஆயின் கருத்துவடிவு இறைவனறிவே அன்றி வேறன்று. எனவே திரும்புவது ஆன்மாவோ, இறைவனறிவோ என்னும் ஐயம் முன்னினும் வலிதாகின்றது. ஜெர்சோன் பற்றிக்கொண்டது இவ்விடத்தையே.

சித்தாந்தத்தில் இவ்விடர்ப்பாட்டிற்கு இடமில்லை. இல்லது தோன்றாது, உள்ளது அழியாது என்னும் சற்காரியவாதத்தால் பதியைப்போலவே பசுவும் அனாதி என்பது பெறப்படும். சார்ந்ததன் வண்ணமாதல் அதன் இயல்பு. பளிங்கு அடுத்த நிறத்தைப் பெற்றும் பளிங்காகவே நிற்றல்போல, மலத்தைச் சார்ந்தபோது மலத்தின் வண்ணமாய் நின்ற ஆன்மா, சிவத்தைச் சார்ந்தபோது சிவத்தின் வண்ணமாய் நிற்கும். கட்டில் அழியாதது வீட்டில் அழிதற்குக் காரணம் இன்மை காண்க. மேலும், கட்டுக்குக் காரணம் யாதென்னும் வினாவிற்கு அடிகள் முதன்மனிதன் பாவத்தையும் விருப்பத்தின் கோணலையும் விடையாகக் கூறுவர். இறைவன் ஆன்மாவின் உள்ளிடத்தே என்றும் உளனாயின், அவனை அது அறியாதவாறு மறைத்தது யாதென்பதற்கு அனாதியான ஆணவத்தை உடன்படாதார் கூறும் விடை முழுமை பெறாது.

ஒப்புமை காண்பார் விரைந்து வீழும் குழி ஒன்றையும் ஈண்டுச் சுட்டுதல் தகும். ‘ஒளிவிடும் கல்’ என்னும் நூலில் அடிகள், கூலிக்குப் பணிபுரிவோர், உண்மை ஊழியர், மறைவான நண்பர், மறைவான மக்கள் என நால்வகையினரைக் கூறினார். இதனைக் கண்டவுடன் தாசமார்க்கம், சற்புத்திரமார்க்கம், சகமார்க்கம், சன்மார்க்கம் என்னும் நான்கும் மேல்நாட்டில் வேறு பெயரால் வழங்கின என்று கூற மனம் எழும். நிரலை நோக்கின் அஃது அன்றென்பது தெரியும். சைவத்தில் மகன்மை நெறி தோழமை நெறிக்குக் கீழ்ப்பட்டது; அது கிரியையைக் குறித்தது. அடிகளிடத்தில் மகன்மையே தோழமைக்கு மேற்பட்டு முடிநிலையாய் நிற்கின்றது. பிதாவினின்று என்றும் பிறக்கும் குமாரனின் பிறப்பில் ஆன்மாவும் பங்குகொள்ளுதல் அதன் பொருள். சொல் ஒத்தது கொண்டு பொருளும் ஒத்தது என்றல் இருசமயத்திற்கும் இழைக்கும் பிழையாம்.

எனினும் மெய்யான ஒப்புமை ஒன்று உண்டு. அடிகள் நூலின் உயிர்நிலையும் அதுவே. 1311-1312-இல் கூடிய வியேன் சங்கம், நிறைவெய்திய ஆன்மாவிற்கு நற்பண்பும் நோன்பும் வேண்டா என்ற கொள்கையினரைக் கண்டித்தது. அச்சங்கத்தின் ஆணையினும் கூரிய கண்டனம் ‘ஆன்மிகத் திருமணம்’ இரண்டாம் பகுதியின் இறுதியில் உள்ளது. செயலும் வேட்கையும் இன்றிச் சும்மா அமர்ந்து, உள்ளம் வெறுமையானதையே கடவுட்கலப்பு என மயங்குவாரை அடிகள் ஆண்டு எடுத்துக்காட்டி, அவர் தம் இயற்கையின் ஓய்வில் தங்கினரே அன்றிக் கடவுளில் தங்கினர் அல்லர் என்கின்றார். மெய்க்கலப்பின் அடையாளமாக அவர் கூறுவது, கடவுளில் ஓய்ந்திருத்தலும் அன்பினால் யாவர்க்கும் பயன்பட வெளிச்செல்லுதலும் ஒருங்கே நிகழ்தல். கடவுளைப் பொங்கியும் வடிந்தும் இயங்கும் கடலாக அவர் உருவகித்தார். அக்கடலிற் கலந்தார்க்கு உள்வாங்கலும் வெளிப்பாய்தலும் இயல்பாம் என்பது கருத்து. இந்நிறைவை அவர் பொதுவாழ்வு என்று வழங்கினார்.

சிவஞானபோதம் ஆன்மா இறைவன் திருவடியைத் தலைக்கூடுதலைப் பதினோராம் சூத்திரத்திற் கூறி அவ்வளவில் முடிந்திலது. பன்னிரண்டாம் சூத்திரம் வைத்து, மலம் நீங்கிய ஞானியும் அன்பரோடு கூடி, அடியார் திருவேடத்தையும் திருக்கோயிலையும் சிவனெனவே கண்டு வழிபடுவான் என்று முடிந்தது. கலந்தவன் கரைந்து ஒழிந்தானாயின் வழிபடுவோன் யாவன்? ஆன்மா முத்தியிலும் உண்டு என்பதற்கு வாதத்தினும் வலிய சான்று அவ்வழிபாடே. ரூய்ஸ்புரூக் அடிகள் ஆன்மாவின் அனாதித் தன்மையை அறிந்திலர். ஆணவத்தின் இயல்பை அறிந்திலர். ஆயினும் கலப்பின் அளவுகோல் அன்பின் தொண்டு என்பதை ஐயமற அறிந்திருந்தார். அதனாலேயே பொரேத்து அம்மையாரும் எக்கார்ட்டும் இடறிய சொற்களின் நடுவே அவர் வழுவாது நடந்தார். 1908-இல் பத்தாம் பயஸ் போப்பாண்டவர் அவர்க்குரிய வணக்கத்தை உறுதிசெய்தார். ஜெர்சோனின் தடை திருச்சபையின் தீர்ப்பாக நிலைபெறவில்லை.

ஆகவே அவ்வருளாளர் நூல்களை ஓதுவார், அவரை ஏகான்மவாதியர் குழுவிற் சேர்த்தலும் வேண்டா. வெறும் பத்திப்புலவர் என ஒதுக்குதலும் வேண்டா. இரும்பு தீயிற் பழுத்ததைக் கண்டவர் அவர். கண்டதை மறையாது உரைத்தவர். அவர் கண்ட காட்சிக்குரிய இலக்கணத்தைத் தாடலை என்னும் ஒரு சொல்லிற் காட்டும் பேறு சித்தாந்தத்திற்கு உரியது. அவ்விலக்கணத்தைப் பெற்றும் தொண்டினை மறப்பார் உளராயின், இலக்கணமின்றியும் தொண்டில் நின்ற அடிகளை நோக்கி நாணுதல் அவர்க்குத் தகும்.

சிவம்.